சுவரிலிருந்து ஐந்து மீட்டர்

என் அக்காவின் கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் முதலில் செய்வது, விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும் டம்ளர்களை ஒரு சாண் உள்ளே தள்ளி வைப்பதுதான். யாருடைய டம்ளர் என்று பார்க்க மாட்டார். பேசிக்கொண்டே தள்ளுவார். பிறர் வீட்டுக்குப் போனாலும் இதே கதை. "உங்க வீட்டுக்காரருக்கு எங்க மேசை மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு அம்மாள் அக்காவிடம் கேட்டே விட்டாராம். "அவருக்கு எந்த விளிம்பு மேலயும் நம்பிக்கை இல்ல" என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக விளிம்பை அளப்பதுதான் அத்தானுக்கு வேலை. இந்த நாட்டில் நாங்கள் இருக்கும் ஊருக்கு வடக்கே கடற்கரை என்றால் மணல் கிடையாது. மண்ணும் பாறையும் கலந்த செங்குத்துச் சுவர்கள், கீழே கடல், மேலே வரிசையாக வீடுகள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் அந்தச் சுவரில் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் கடல் பக்கத்தில், வீட்டுச் சுவரிலிருந்து சரியாக ஐந்து மீட்டர் தள்ளி, ஓர் இரும்புக் கம்பியை அரசாங்கம் அடித்து வைத்திருக்கிறது. தலையில் ஆரஞ்சு நிறப் பெயின்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அத்தான் போய், கம்பியிலிருந்து விளிம்பு வரை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுவார். மூன்று மீட்டருக்குக் கீழே போனால் வாசல் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்ட வேண்டும். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்பீல் எல்லாம் கிடையாது.

ஆபீசில் அவருக்குப் பெயர் டேப்பு. முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

நான் இந்த நாட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வேலைக்கான அனுமதி வரும் என்று காத்துக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தேன். காலை எட்டு மணிக்குத் தபால் வரும் சத்தம் கேட்டாலே கதவருகே போய் நின்றுவிடுவேன். அனுமதி வந்த அதே வாரம் அத்தானின் உதவியாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அளக்கப் போகும்போது இரண்டு பேர் போக வேண்டும், தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது விதி. நான்கு நாள் தற்காலிக ஆளாக என்னைச் சேர்த்துவிட்டார்.

"மாப்ள, உனக்கு உயரம்னா பயமா?"

"இல்ல அத்தான்."

நாற்பத்தொரு வயதில் எனக்கு எதற்குத்தான் பயமில்லை. ஆனால் வந்த முதல் வேலையை வேண்டாம் என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது.

முதல் மூன்று நாள் தெற்குப் பக்கம். அங்கே பாறை கெட்டி, பெரிதாக ஒன்றும் குறையவில்லை. நான்காம் நாள் வடக்கு. அன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போது அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னைக்கு நர்ஸக்கா வீடு. போன தடவை மூணரை மீட்டர் இருந்துச்சு. ஒரு வாரமா மனுஷன் தூங்கல. பக்கத்துலயே இரு, என்ன?"

நர்ஸக்கா என்பது அத்தானின் சொந்த அக்கா. பதினாறு வயது மூத்தவர். அம்மா இறந்தபோது அத்தானுக்கு ஏழு வயது. வளர்த்தது, படிக்க வைத்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அவர்தான். முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் அந்த வீட்டை வாங்கினார். அப்போது கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு பந்து மைதானம் இருந்தது என்று அக்கா சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனாலும் நிறைய இருந்திருக்கிறது.

மூன்று ஐம்பதில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் போய்விட்டால், அத்தான் தன் கையால் அந்தக் கதவில் ஒட்ட வேண்டும்.

ஆபீஸ் வண்டியின் பின் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் தாள்கள் இருந்தன. மழை பிடித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்துக் கண்ணாடி தானாக இறங்கிவிடும் என்பதால் மடித்த அட்டை ஒன்றைச் செருகி நிறுத்தியிருந்தார்கள். அந்த இடுக்கு வழியாகச் சாரல் என் காதிலேயே அடித்தது.

"எத்தன தாள் அத்தான்?"

"ஏழு. ஆளிருக்கிற வீடு ஏழு. வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டுத்தான் போகணும்."

நான் அட்டையை இடுக்கில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

வண்டி போகும் வீடுகள் ஆறு. கரையை ஒட்டிய சாலை வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் பாதிச் சாலைக்குச் சிவப்பு வெள்ளைத் தடுப்பு வைத்து, மீதிப் பாதியில் ஒவ்வொரு வண்டியாக விடுகிறார்கள். அத்தான் அங்கெல்லாம் முன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு மெதுவாக ஓட்டினார். எதிரே வந்தவன் ஹாரன் அடித்தபோதும் அசரவில்லை.

முதல் வீட்டில் இருந்தவர் பழைய லாரி டிரைவர், தமிழர். நாங்கள் இறங்கும்போதே வாசலில் நின்றிருந்தார்.

"வந்துட்டாருய்யா, கயிறும் டேப்பும் எடுத்துக்கிட்டு. எருமை எங்க, வெளிய கட்டிட்டு வந்தீங்களா?"

"எருமைக்கு இடுப்புப் பிடிப்பு. அதான் இவரைக் கூட்டிட்டு வந்தேன்" என்று அத்தான் என்னைக் காட்டினார்.

அவர் கேலிக்குக் கேலி சொல்லும் ஆள் என்று அன்றுதான் தெரிந்தது. வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

டேப்பின் நுனியில் உள்ள இரும்பு வளையத்தை நான் கம்பியில் பிடிக்க வேண்டும். அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை வீட்டுத் தூணில் கட்டிவிட்டு, வயிற்றால் ஊர்ந்து விளிம்புக்குப் போவார். அங்கிருந்து எண்ணைக் கத்துவார். அவ்வளவுதான் வேலை. முதல் மூன்று நாளும் பிடித்திருந்தேன், ஒன்றும் தவறவில்லை. அன்று என்ன ஆனதோ, மழையில் விரல் மரத்துப்போய் வளையத்தின் உள்பக்கத்தைக் கம்பியில் வைத்துவிட்டேன். பூஜ்யம் ஆரம்பிப்பது வெளிவிளிம்பில். திரும்பி வந்து பார்த்தவர் மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டு சேற்றில் படுத்தார். இரண்டாம் முறை எண் நான்கு சென்டிமீட்டர் குறைந்தது.

வண்டியில் ஏறியதும் சொன்னார். "நாலு சென்டி உனக்குச் சின்னது மாப்ள. அந்த டிரைவருக்கு அது ஒரு மழைக்காலம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் வளையத்தை மூன்று முறை பார்த்தேன். கம்பியில் வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி வைத்தேன்.

டிரைவர் வீட்டில் போன முறை ஐந்து இருபத்தேழு, இந்த முறை நான்கு பன்னிரண்டு. அடுத்த வீட்டிலும் ஒரு மீட்டருக்கு மேல் போயிருந்தது. அதற்கடுத்ததிலும். எல்லாரும் மூன்றுக்கு மேலேயே தப்பினார்கள், ஆனால் எண்ணைக் கேட்டதும் யாரும் சிரிக்கவில்லை. ஆறாவது வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அப்ப இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமா சார்?" என்று கேட்டாள். அத்தான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அடுத்த தடவை வந்து சொல்றேன்மா" என்றார்.

அந்த ஆறு மாதத்தில் எந்த வீட்டிலும் ஒரு மீட்டருக்குக் குறைவாகப் போகவில்லை. நர்ஸக்கா வீட்டில் இருப்பதோ அரை மீட்டர் இடம். இந்தக் கணக்கை நான் மனதுக்குள் போட்டேன். அவர் போடாமல் இருந்திருக்க மாட்டார். ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டு வந்திருந்தோம். அவர் தன் பங்கைப் பிரிக்கவே இல்லை.

அதற்கு மேல் சாலை கிடையாது. போன குளிர்காலத்தில் ஒரு நாள் பாதை அப்படியே கடலில் இறங்கிவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு வீடுகள், ஒன்று காலி, மற்றது நர்ஸக்காவுடையது. படகில் மலை மூக்கைச் சுற்றிப் போய், ஒரு சிறு குடாவில் இறங்கி, ஏறி நடக்க வேண்டும்.

படகுக்காரரை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒற்றை எஞ்சின், நீலத் தார்ப்பாய், நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் படகு. நர்ஸக்காவுக்கு வாராவாரம் சாமான் கொண்டு போவது அவர்தான்.

"சாமான் இறக்க எனக்குப் பத்து நிமிஷம், உங்கக்கா எனக்கு பிரஷர் பாக்க அரை மணி நேரம்" என்றார் அத்தானிடம். "போன வாரம் உப்பக் குறைன்னு திட்டு. நான் கடல்ல பொழைக்கிறவன்மா, உப்புக்கு எங்க போய் ஒளியறதுன்னேன்."

அத்தான் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

மூக்கைத் தாண்டியதும் அலை மாறியது. படகு ஏறி ஏறி விழுந்தது. நான் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். மேலிருந்து பார்க்கும்போது அது ஒரு விளிம்பு மட்டும்தான். கீழிருந்து பார்த்தால் ஐந்து மாடி உயரச் சுவர், கறுப்பும் பழுப்புமாகக் கோடு கோடாக, தண்ணீர் ஒழுகிக்கொண்டு நின்றது. உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு நர்ஸக்காவின் வீடு. அதற்கு நேர் கீழே மட்டும் சுவர் வெளுத்திருந்தது, தோல் உரிந்த இடம் மாதிரி. அடிவாரத்தில் ஒரு வாய் திறந்திருந்தது. அலை உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

கேப்டன் எஞ்சினைக் குறைத்தார். "ரெண்டு மாசம் ஆச்சு. விடியக்காலைல வலை எடுத்துக்கிட்டு இருந்தேன். லாரியக் கவுத்த மாதிரி ஒரு சத்தம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கக்கா சொல்லிட்டேன்னாங்களே."

அத்தான் கேமராவை எடுத்து நான்கு படம் பிடித்தார். உறையில் வைத்து ஜிப்பை மூடினார். பிறகு திறந்து இன்னொரு படம் பிடித்தார். "மேல அளந்தாத்தான் கணக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

"கீழ ஒண்ணுமில்லாம மேல எது நிக்கும், டேப்பு?"

அத்தான் கேமராவை மறுபடி உறையில் வைத்தார். குடாவில் எங்களை இறக்கிவிட்டு, "நாலு மணிக்குள்ள வந்துடுங்க, தண்ணி இறங்கிட்டா படகு தரை தட்டும். ஹாரன் அடிப்பேன்" என்றார் கேப்டன்.

ஏற்றம் முக்கால் மணி நேரம். பாதி கல் படி, பாதி வெறும் சேறு. அத்தான் என்னை உள்பக்கம் விட்டு, தான் கடல் பக்கம் நடந்தார். நான் கைக்குக் கிடைத்த புல்லை எல்லாம் பிடித்தேன். ஒருமுறை புல் வேரோடு கையில் வந்துவிட்டது. அதைக் கீழே போடவும் பயமாக இருந்து கொஞ்ச தூரம் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.

முதலில் காலி வீடு. கதவில் இரண்டு வருடத்துக்கு முன் அவர் ஒட்டிய தாள் வெளுத்துப்போய் எழுத்து தெரியவில்லை. அங்கேயும் கயிற்றைக் கட்டினார்.

"ஆளில்லாத வீட்ட எதுக்கு அத்தான்?"

"ஆள் இருக்கான்னு பாத்தா கடல் வருது?"

படுத்து, ஊர்ந்து, எண்ணைச் சொன்னார். ஒரு மீட்டர் நாற்பது குறைந்திருந்தது. அங்கிருந்து நர்ஸக்கா வீடு இருநூறு அடி. அந்த இருநூறு அடியும் அவர் தலை நிமிரவில்லை.

நர்ஸக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கட்டையான உருவம், ஒட்ட வெட்டிய நரைத்த முடி, முழங்கை தேய்ந்த நீல ஸ்வெட்டர்.

"வாடா. மூக்கப் பாரு, மிளகாப்பழமாட்டம். துண்டு அங்க இருக்கு, தலையத் தொவட்டு." பிறகு என்னைப் பார்த்தார். "இவர்தான் உன் மச்சினனா? போட்டோவுல நல்லா புஷ்டியா இருந்தாரே. உன் வீட்ல சோறு போடறதில்லையா?"

ஒரே அறைதான் பெரிது. கட்டிலில் போர்வை ஆஸ்பத்திரியில் மடிப்பது போல நான்கு மூலையும் கத்தியாய் மடிந்திருந்தது. சுவரில் கடிகாரம், அதன் கீழ் மாத்திரை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் கிழமை எழுதியிருந்தது. மேசையில் மூன்று டம்ளர்கள், நட்ட நடுவில், ஒன்றோடொன்று ஒட்டி. தம்பி தள்ள வேண்டிய வேலையே இல்லாமல் வைத்திருந்தார்.

"டீ குடிச்சிட்டு அளப்பியா, அளந்துட்டு குடிப்பியா?"

"அளந்துட்டு."

பின்பக்கம் போனோம். துணி காயப்போடும் கொடி, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி, ஈரப் புல், ஆரஞ்சுத் தலையோடு கம்பி. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, வானம்தான். அத்தான் வழக்கம்போல வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பி பக்கத்தில் மண்டி போட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்ப்பது கம்பிக்குக் கடல் பக்கம் இருப்பதை மட்டும்தான். இந்தப் பக்கம் வீடு இருக்கிறது, வீடு நகராது, அதனால் அதை அளக்கத் தேவையில்லை. அளவு எழுதும் தாளில்கூட முதல் கட்டத்தில் "சுவரிலிருந்து கம்பி: 5.00" என்று அச்சடித்தே வரும்.

நான் வளையத்தைப் பிடித்தேன். வெளிவிளிம்பு. மறுபடி பார்த்தேன். வெளிவிளிம்புதான். அவர் ஊர்ந்து போனார். கடைசி ஒரு முழத்தில் நின்று, கையால் தரையைத் தட்டிப் பார்த்தார். காற்றில் அவர் சட்டை உப்பியது.

"மூணு நாப்பது."

"என்ன அத்தான்?"

"மூணு நாப்பது மாப்ள. பத்து சென்டிதான்."

எழுந்து வரும்போது அவர் முகம் வேறு ஆளுடையதாக இருந்தது. முழங்காலில் சேறு, மூக்கில் சேறு. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சீட்டி அடித்தார். உள்ளே போனதும் "அக்கா, முட்டை ஏதாவது இருக்கா?" என்று கேட்கும் குரல் எனக்கு வெளியே கேட்டது. காலையிலிருந்து அவர் வாயில் எதுவும் போகவில்லை.

டேப்பைத் துடைத்துச் சுருட்டுவது என் வேலை. பாதி சுருட்டியிருப்பேன். பக்கத்து வீட்டில் ஒன்று நாற்பது போயிருக்கிறது. இங்கே பத்து சென்டி. படகிலிருந்து பார்த்த அந்த வெள்ளை இடம் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்படியானால் தப்பு எங்கே? நான் பிடித்ததில்தான் இருக்கும். வேறு எங்கே இருக்க முடியும். காலையில் நான்கு சென்டி, இப்போது என்ன செய்து தொலைத்தேனோ.

விளிம்புக்குப் போகும் தைரியம் எனக்கில்லை. அதனால் எனக்கு ஆபத்தில்லாத பக்கம், தெரிந்த கணக்கு ஒன்றை அளந்து என் கையைச் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கம்பியிலிருந்து வீட்டுச் சுவர் வரை. ஐந்து வந்தால் நான் சரியாகப் பிடிக்கிறேன் என்று அர்த்தம்.

மூன்று எண்பது வந்தது.

இன்னொரு முறை அளந்தேன், மூன்று எண்பது. வளையத்தைத் துடைத்துவிட்டு அளந்தேன். மூன்று எண்பது.

உள்ளே அத்தான் இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். தாளில் 3.40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் கையெழுத்துக்காக மேசையில் என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் கதவருகே நின்றுகொண்டு சொன்னேன். அந்த நிமிடம் வரை அது என் தவறு என்றுதான் முழுக்க நம்பினேன்.

"அத்தான், நான் டேப்ப தப்பாப் பிடிக்கிறேன் போல. சுவத்துலேர்ந்து அளந்தா மூணு எண்பதுதான் வருது. எப்படிப் பிடிச்சாலும்."

அவர் முட்டையைக் கீழே வைத்தார். நர்ஸக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார், ஊற்றி முடித்தார்.

அத்தான் வெளியே போனார். சுவரில் தானே வளையத்தை வைத்து அளந்தார். பிறகு கம்பியைத் தாண்டி, கடல் பக்கம் ஒரு மீட்டர் இருபது அளந்தார். டேப் போய் நின்றது கவிழ்த்த வாளியின் நடுவில். வாளியைத் தூக்கினார். கீழே கட்டை விரல் பருமனுக்கு ஒரு வட்டத் துளை, அதைச் சுற்றித் துரு.

வாளியைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"யாரு நகர்த்தினதுக்கா?"

"நான்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"எப்ப?"

"அது விழுந்த மறுநாள். மழைல மண்ணு இளகி இருந்துச்சு, ஆட்டி ஆட்டி எடுத்துட்டேன். தையல் டேப்பு இருக்கில்ல, அத வெச்சு அளந்தேன். ஒண்ணு இருபது தள்ளி அடிச்சா, நீ வரும்போது போன தடவைய விடக் கொஞ்சம் கம்மியா வரும். ரொம்ப சரியா வந்தாலும் சந்தேகப்படுவ." டீயை அவர் முன்னால் வைத்தார். "கணக்கு சரியாத்தானே வந்துச்சு?"

"சரியா வந்துச்சு."

"நான் சும்மாதான்..." என்று என்னவோ ஆரம்பித்தேன்.

"நீங்க சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க தம்பி. உக்காருங்க, டீ ஆறுது" என்றார் நர்ஸக்கா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அத்தான் உட்காரவில்லை. "இங்கயே கெடந்து சாகணும்னு எண்ணமா?"

"சாக எனக்கென்னடா அவசரம்? ராத்திரியானா முன் ரூம்லதான் படுக்கிறேன். செருப்பு கதவுகிட்டயே இருக்கு." நர்ஸக்கா மேசையில் இல்லாத தூசியைக் கையால் தள்ளினார். "பதினொரு வீட்ல ஒட்டியிருக்க. ஒவ்வொரு தடவையும் மூணு நாள் சாப்பிடாம சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்க. உன் பொண்டாட்டி எனக்கு போன் பண்ணி அழுவா. என் கதவுல ஒட்டினா எத்தன நாள் உக்காருவ? இன்னும் ஒரு வருஷத்துல உனக்கு ரிட்டயர்மென்ட். அப்புறம் வர்றவன் ஒட்டட்டும். அவனுக்கு நான் யாரோ ஒரு கெழவி."

"அதுக்குள்ள வீடு போயிருந்தா?"

"போயிருந்தா உனக்கு அளக்கற வேலை மிச்சம்."

அது அவர்கள் வீட்டுச் சிரிப்பு. ஆனால் அன்று அத்தான் சிரிக்கவில்லை, நர்ஸக்காவும் எதிர்பார்க்கவில்லை.

வாளியைத் தரையில் வைத்துவிட்டு அத்தான் மேசைக்கு வந்தார். தாளில் அழிக்கக் கூடாது, பழைய எண் தெரிகிற மாதிரி ஒரே கோடு போட வேண்டும் என்பது விதி. 3.40 மேல் கோடு போட்டார். பக்கத்தில் 2.20 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில் "கம்பி இடம் மாறியிருந்தது, திருத்தி அளக்கப்பட்டது" என்று எழுதினார். யார் மாற்றினார்கள் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இருந்தது. அவர் அதைக் காலியாக விட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் முதல் வேலையில் நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றுதான் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. கடைசி எழுத்து கோடாகப் போய்விட்டது.

உறையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தார். ஒட்டுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். பதினொரு முறையும் இந்த நாட்டு மொழியில், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே மூச்சில் வாசித்திருக்கிறார். இப்போதும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"இருடா" என்றார் நர்ஸக்கா. "ஆஸ்பத்திரில இந்த மாதிரி பேப்பர் ஆயிரம் வாசிச்சவ நான். என்கிட்ட எதுக்கு அந்த பாஷைல ஒப்பிக்கற? நம்ம பாஷைல சொல்லு."

அத்தான் தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு என்னிடம் நீட்டினார். "நீ ரெண்டும் படிச்சவன். நீ சொல்லு மாப்ள."

அந்தத் தாளில் வார்த்தைகள் எல்லாம் நீள நீளமாக இருந்தன. மேற்படி குடியிருப்பு, மேற்படி சட்டத்தின் மேற்படி பிரிவு என்று போகும். அதையெல்லாம் அந்த அறையில் நின்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிச்சம் இருந்தது கொஞ்சம்தான்.

"இந்த வீட்ல இனிமே யாரும் இருக்கக் கூடாது. ஏழு நாள்ல காலி பண்ணணும். அதுக்கு அப்புறம் உள்ள வந்தா, வந்தவங்க பொறுப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா ஒரு பக்கம் எழுதியிருக்கான்" என்றார் நர்ஸக்கா.

வாசல் கதவு மழையில் ஊறியிருந்தது. அத்தான் தாளை வைத்துப் பசை டேப் ஒட்டினார், அது நழுவியது. இன்னொரு துண்டு கிழித்து ஒட்டினார். அதுவும் நழுவியது. மூன்றாவது துண்டு அவர் விரலிலேயே சுற்றிக்கொண்டது. அவர் அதைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டே நின்றார், பிரியவில்லை. நர்ஸக்கா உள்ளே போய்க் காய்ந்த துணி ஒன்றை எடுத்து வந்து, தம்பியை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு, கதவை மேலிருந்து கீழ் வரை துடைத்தார். தாள் வரும் இடத்தை மட்டும் இரண்டு முறை துடைத்தார்.

"இப்ப ஒட்டு."

ஒட்டினார். நான்கு மூலையையும் கட்டை விரலால் அழுத்தினார்.

கீழே கேப்டனின் ஹாரன் ஒருமுறை கேட்டது.

"சனிக்கிழமை வண்டியும் படகும் கொண்டு வரேன். பின்னறை இருக்கு" என்றார் அத்தான். அது என் அறை. நான் உடனே, "எனக்கு ஹாலே போதும்" என்றேன்.

"கட்டில் கொண்டு வரலாமில்ல?"

"கொண்டு வரலாம்."

கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். ஆனால் அத்தான் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கம்பியைப் பிடித்து ஆட்டினார். புல் வேர் பிடித்திருந்தது, லேசில் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்து இழுத்தேன். பிடுங்கியதும் பழைய துளையில் கொண்டு போய்ச் செருகினார். இரண்டு மாத மழையில் துளை அகன்று, கம்பி ஒரு பக்கம் சாய்ந்தது.

"அதான் தாள் ஒட்டியாச்சே. இனிமே எதுக்குடா இது?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸக்கா வந்தார்.

"அடுத்த தடவை அளக்கணும்."

நர்ஸக்கா ஈரப் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தார். விளிம்புக்கும் அவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருபது. நான் ஓடிப் போய்க் கயிற்றை எடுத்து வந்து அவர் இடுப்பில் கட்டினேன். மறுமுனையை வீட்டுத் தூணில் சுற்றினேன்.

"கைய எடுக்கா, நான் பிடிச்சுட்டு அடிச்சுக்கறேன்."

"ஒத்தக் கையில அடிச்சா கோணும். நீ பாத்து அடி."

அத்தான் சுத்தியலை ஓங்கினார். முதல் அடி மெதுவாக விழுந்தது, கம்பி அசையவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் பலமா" என்றார் நர்ஸக்கா.